ஆடுகளமும் நீதிமன்றமும்: அமெரிக்க உதைபந்தாட்ட வீரரின் வழக்குகள் பற்றிச் சில சிந்தனைகள்

'விளையாட்டு' என்னும் சொல்லுக்குத் தமிழ் வழக்கில் இரு பொருளுண்டு. ஆடுகளத்தில் நிகழ்வது ஒன்று. பொருட்படுத்த வேண்டாதது என்பது மற்றொன்று. 'விளையாட்டாகச் சொன்னேன்' என ஒருவர் கூறும்போது, தம் சொல்லுக்குத் தாம் பொறுப்பாளியல்லர் என்பதையே உணர்த்துகின்றார். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் ஒன்றியிருப்பதனாற்போலும், விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவன் அத்தொழில் தந்த ஊறுக்காக நீதிமன்றப் படியேறும்போது, உலகம் அவ்வழக்கையும் விளையாட்டாகவே கருதிவிடுகின்றது. ஆலையிலே கையிழந்த தொழிலாளி நட்டஈடு கேட்டால் அது உரிமை எனப்படுகின்றது. ஆடுகளத்திலே அறிவிழந்த வீரன் கேட்டால் அது நன்றிகேடு எனப்படுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய உதைபந்தாட்ட லீக்கிற்கு எதிராக ஓய்வுபெற்ற வீரர்கள் 2011 ஆம் ஆண்டு முதல் தொடுத்த வழக்குகளைப் பற்றி எழுந்த விவாதத்திலே இம்மனப்போக்கினைத் தெளிவாகக் காணலாம். 'வீரர்கள் அறிந்தே ஆடினர், பணமும் பெற்றனர், இப்பொழுது வழக்காடி ஆட்டத்தையே அழிக்க முனைகின்றனர்' என்பது லீக்கின் ஆதரவாளர் பலருடைய கூற்று. இக்கூற்று வரலாற்றுக்கும் முரணானது, நியாயத்துக்கும் முரணானது என்பதே இக்கட்டுரையின் வாதம். வழக்குகள் அந்த லீக்கை அழிக்கவில்லை. அதனைத் திருத்திய ஆற்றல்களுள் வலிமை மிக்கவை அவையே. லீக்கின் எதிர்காலத்துக்கு ஊறு விளைக்கக்கூடியது தொடுக்கப்பட்ட வழக்கன்று. பணத்தால் மூடப்பட்டு, தீர்ப்பெழுதப்படாமற் போன வழக்கே.

ஆட்டமும் கைத்தொழிலும்

ஈண்டு ஒரு விளக்கம் வேண்டற்பாலது. அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடுவதும் எறிவதும், ஓடுபவனை மோதி வீழ்த்துவதுமே அதன் உயிர். தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்த, நூறு கிலோவுக்கு மேற்பட்ட நிறையுடைய ஆடவர் ஒருவரோடொருவர் முட்டி மோதுவது அங்கு தற்செயலன்று. ஆட்டத்தின் இலக்கணமே அதுதான். முன்வரிசையில் நிற்போர் பந்து நகரும் ஒவ்வொரு முறையும் மோதுகின்றனர்.

1920 இல் தொடங்கப்பட்ட இந்த லீக் இன்று 32 கழகங்களைக் கொண்டது. 2021 இல் அது தொலைக்காட்சி நிறுவனங்களுடன் செய்துகொண்ட 11 ஆண்டு ஒப்பந்தங்களின் பெறுமதி ஏறத்தாழ 11,000 கோடி டொலர் எனக் கணிக்கப்பட்டது. எனவே நாம் பேசுவது ஒரு பொழுதுபோக்கைப் பற்றியன்று, ஒரு பெருங் கைத்தொழிலைப் பற்றியாகும். ஏனைய கைத்தொழில்களிலே மூலப்பொருள் வேறு, தொழிலாளி வேறு. இங்கோ தொழிலாளியின் உடலே மூலப்பொருள்.

'வழக்கினால் அழியும்' என்னும் பழைய அச்சம்

வழக்குகள் லீக்கை அழித்துவிடும் என்னும் கூக்குரல் இன்று புதிதாக எழுந்ததன்று. டிற்றொயிற் லயன்ஸ் கழகத்தில் ஆடிய பில் றடோவிச், நோயுற்ற தந்தைக்கு அணித்தே இருக்கவேண்டி 1946 இல் போட்டி லீக் ஒன்றின் லொஸ் ஏஞ்சலிஸ் கழகத்துக்குச் சென்றார். அதன் விளைவாக அவர் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிற்று, தொழில் மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கிலே 1957 இல் தீர்ப்பளித்த அமெரிக்க உயர் நீதிமன்றம், உதைபந்தாட்ட லீக்கும் ஏகபோக எதிர்ப்புச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டதே எனத் துணிந்தது. பேஸ்போல் ஆட்டத்துக்கு 1922 இல் வழங்கப்பட்ட விதிவிலக்கு இதற்குக் கிட்டவில்லை.

அடுத்து வந்தவர் பால்ரிமோர் கோல்ற்ஸ் கழகத்தின் புகழ்பெற்ற வீரரும் வீரர் சங்கத்தின் தலைவராக இருந்தவருமான ஜோன் மக்கே. ஒப்பந்தக் காலம் முடிந்த வீரனொருவன் வேறு கழகத்துக்குச் சென்றால், அவனை ஏற்ற கழகம் பழைய கழகத்துக்கு என்ன ஈடு கொடுக்கவேண்டும் என்பதை லீக்கின் ஆணையாளரே தீர்மானிக்கலாம் என ஒரு விதி இருந்தது. எவ்வளவு கொடுக்க நேருமோ என்றஞ்சிய கழகங்கள் அத்தகைய வீரரை ஏற்கத் தயங்கின. பெயரளவில் வீரன் சுதந்திரன், நடைமுறையில் கொத்தடிமை. 1976 இல் மக்கேயின் வழக்கை விசாரித்த மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதி சட்டத்துக்கு மாறானது எனக் கூறிற்று. கட்டுப்பாடு தளர்ந்தால் பணமுள்ள கழகங்கள் சிறந்த வீரரையெல்லாம் கவர்ந்துகொள்ளும், கழகங்களுக்கிடையிலான சமநிலை குலையும், ஆட்டம் கெடும் என்பதே அன்று லீக் முன்வைத்த வாதம்.

தீர்ப்பின் பயன் முழுமையாகக் கைகூட மேலும் பதினேழு ஆண்டுகள் சென்றன. 1987 இல் வீரர்கள் 24 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். உடைமையாளர் கூலிக்கு மாற்று வீரரை அமர்த்தி ஆட்டங்களை நடத்தினர், வேலைநிறுத்தம் முறிந்தது. களத்திலே கிட்டாதது நீதிமன்றிலே கிட்டிற்று. 1992 இல் மினியாபொலிஸ் நகர யூரிமார் வீரர் பக்கம் நின்றனர். மறு ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டினால், ஒப்பந்தம் முடிந்த வீரன் தான் விரும்பிய கழகத்துக்குச் செல்லும் உரிமை நிலைபெற்றது.

லீக் அழிந்ததா? வருவாயோடு பிணைக்கப்பட்டதான கழகச் சம்பள உச்சவரம்பு 1994 இல் 3 கோடி 46 இலட்சம் டொலராக இருந்தது. 2024 இல் அது 25 கோடி 54 இலட்சம் டொலர். முப்பது ஆண்டுகளில் ஏழு மடங்குக்கு மேற்பட்ட இவ்வளர்ச்சி, 'ஆட்டம் கெடும்' என்றோர் வாதத்துக்கு வரலாறு எழுதிய விடையாகும்.

ஒரு கை கொடுத்தது, மறு கை மறுத்தது

சம்பளம் பற்றிய வழக்குகள் இவ்வாறாக, உடல் பற்றிய வழக்குகள் வேறொரு வழியால் வந்தன. பிற்ஸ்பேர்க் ஸ்ரீலர்ஸ் கழகத்தின் முன்வரிசையிலே நின்று நான்கு முறை வாகை சூடிய மைக் வெப்ஸ்ரர், 2002 செப்டெம்பரில் தமது 50 ஆவது வயதில் மறைந்தார். இறுதிக் காலத்தில் அவர் நினைவு சிதறி, உறைவிடமுமின்றி, வாகனத்திற் படுத்துறங்கும் நிலைக்கு வந்திருந்தார். நைஜீரியாவிற் பிறந்த நோயியலாளர் பெனற் ஒமாலு அவருடைய மூளையைப் பரிசோதித்தார். மீண்டும் மீண்டும் தலையில் அடிபடுவதால் ஆண்டுகள் பல கழித்துத் தலைகாட்டும் நாட்பட்ட மூளைச்சிதைவு நோயின் அடையாளங்களை அவர் அங்கே கண்டு, 2005 இல் மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டார்.

லீக் என்ன செய்தது? மூளையதிர்ச்சி பற்றி ஆராயவென 1994 இல் அது ஒரு குழுவை அமைத்திருந்தது. அதன் தலைவர் நரம்பியல் வல்லுநரல்லர், மூட்டுவாத வைத்தியர். நீண்டகாலப் பாதிப்புக்குச் சான்றில்லை என்ற பாங்கிலே கட்டுரைகளை வெளியிட்டு வந்த அக்குழுவினர், ஒமாலுவின் கட்டுரையை மீளப்பெறுமாறு கோரினர். ஆனால் உடைமையாளரின் பிரதிநிதிகளும் வீரர் சங்கப் பிரதிநிதிகளும் கூடியிருந்த ஓய்வூதியச் சபை, வெப்ஸ்ரருடைய இயலாமை ஆட்டத்திலே தலையில் ஏற்பட்ட காயங்களின் விளைவே என்பதை அவர் உயிரோடிருந்தபோதே ஏற்றிருந்தது. ஒரு கை இயலாமைப்படி கொடுத்தது. மறு கை அந்நோய் உண்டென்பதையே மறுத்தது. இவ்வுண்மையை நெஞ்சிற் கொள்ளாது வழக்குகளைப் பற்றிப் பேசுதல் வீண்பேச்சாகும்.

2009 ஒக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு நடத்திய விசாரணையிலே, லிண்டா சாஞ்செஸ் என்னும் உறுப்பினர் லீக்கின் போக்கினைப் புகையிலை நிறுவனங்களின் பழைய போக்கிற்கு ஒப்பிட்டார். அவ்வாண்டு டிசெம்பரிலேதான் மூளையதிர்ச்சி நீண்டகாலப் பாதிப்பை விளைக்கக்கூடும் என்பதை லீக்கின் பேச்சாளர் ஒப்புக்கொண்டார்.

2011 பெப்ரவரியில் டேவ் டுவர்சன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தமது மூளையை ஆராய்ச்சிக்கு வழங்குமாறு எழுதிவைத்திருந்த அவர், ஒரு காலத்தில் ஏனைய வீரரின் இயலாமைக் கோரிக்கைகளைப் பரிசீலித்த சபையிலே தாமும் ஓர் உறுப்பினராய் இருந்தவர். அவ்வாண்டு யூலையில் 75 வீரர்கள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் முதல் வழக்கைத் தொடுத்தனர். அதே மாதத் தொடக்கத்திலே ஜோன் மக்கே காலமானார். வீரரின் விலங்கை 1976 இல் ஒடித்த அம்மனிதர், தாம் பெற்ற வெற்றியையும் நினைவிற் கொள்ள இயலாதபடி மறதிநோயாற் பீடிக்கப்பட்டிருந்தார். அந்நோயுற்ற முன்னாள் வீரரைப் பராமரிக்க ஆண்டொன்றுக்கு 88,000 டொலர் வரை உதவும் திட்டம் ஒன்று 2007 இல் நடைமுறைக்கு வந்தது. 88 என்பது அவர் அணிந்த சட்டையின் இலக்கம். இறந்தபின் அவர் மூளையிலும் அதே சிதைவு காணப்பட்டது. சம்பள வழக்கும் உடல் வழக்கும் வெவ்வேறானவை அல்ல என்பதற்கு மக்கேயின் வாழ்வினும் வேறு சான்று வேண்டா.

'அறிந்தே ஆடினர்' என்னும் வாதம்

உடன்பட்டவனுக்கு ஊறில்லை என்பது உரோமர் வழிவந்த சட்ட முதுமொழி. உரோம டச்சுச் சட்டம் பயிலும் நம் மாணவரும் நன்கறிந்தது. இதனையே லீக்கின் ஆதரவாளர் கேடயமாகக் கொள்கின்றனர். முரட்டு ஆட்டம் என அறிந்தும், பெரும்பொருள் பெற்றும் ஆடியவன் பின்னர் முறையிடலாமா என வினவுகின்றனர்.

இவ்வினா வலிமையற்றதன்று, நேர்மையாக விடையிறுக்கப்பட வேண்டியது. முழங்கால் முறியும், தோள் நழுவும் என்பதை ஒவ்வொரு வீரனும் அறிவான். அவற்றுக்காக அவன் வழக்காடவில்லை. ஆனால் உடன்பாடு என்பது அறிவின் மேல் எழுவது. நாற்பது வயதிலே தன் பிள்ளையின் பெயர் மறக்கும் என்பது அவனுக்குத் தெரிவிக்கப்படவில்லை. தெரிவிக்கும் கடமையை 1994 இல் குழு அமைத்துத் தானாகவே மேற்கொண்ட லீக், அக்குழுவின் வாயிலாக அவனுக்கு அமைதி கூறிற்று. அறியாமை மன்னிக்கப்படலாம். ஆராய்வதாகக் கூறி ஐயத்தை வளர்த்தல் மன்னிக்கப்படுமா? மறைக்கப்பட்ட ஆபத்துக்கு உடன்படுதல் எவ்வாறு இயலும்?

பெரும்பொருள் என்பதும் பாதி உண்மையே. நட்சத்திர வீரரின் கோடிகளைச் செய்தித்தாள்கள் எழுதும். சில ஆண்டுகளே ஆடி, காயமுற்று, உறுதியளிக்கப்படாத ஒப்பந்தத்தோடு வெளியேற்றப்பட்டோரைப் பற்றி எவர் எழுதுவர்? வெப்ஸ்ரர் தலைமுறையினரின் சம்பளத்தை இன்றைய சம்பளத்தோடு ஒப்பிடுதலும் தகாது. மேலும், கூலி உயர்வு நஞ்சூட்டும் உரிமையைத் தருவதில்லை.

உடன்பாடு எதனை விலைக்கு வாங்கிற்று?

நாடெங்கும் தொடுக்கப்பட்ட வழக்குகள் 2012 இல் பிலடெல்பியாவில் நீதிபதி அனிற்றா புறோடி முன்னிலையில் ஒன்றுசேர்க்கப்பட்டன. வழக்காளிகளின் தொகை 4,500 ஐக் கடந்தது. இவை நீதிமன்றத்துக்கு உரியனவல்ல, கூட்டு ஒப்பந்தத்தின்படி மத்தியஸ்தத்துக்கே உரியன என்றது லீக். அவ்வினாவுக்கு விடை எழுதப்படுமுன், 2013 ஓகஸ்டில், 76 கோடி 50 இலட்சம் டொலருக்கு உடன்பாடு அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் லீக்கின் ஓராண்டு வருவாய் ஏறத்தாழ 900 கோடி டொலர். ஓராண்டு வருவாயிற் பத்திலொரு பங்கும் ஆகாத தொகை. அதுவும் ஆண்டுக்கணக்கிற் பகிர்ந்து கொடுப்பதற்கு. இத்தொகை போதுமா என நீதிபதியே ஐயுற்றுத் திருப்பியனுப்பினார். பின்னர் உச்சவரம்பு நீக்கப்பட்டது. 2015 ஏப்பிரலில் இறுதி அங்கீகாரம் கிடைத்து, மேன்முறையீடுகள் முடிந்தபின் 2017 இல் உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. இதுவரை வழங்கப்பட்ட தொகை 100 கோடி டொலருக்கு மேல். நோயுற்ற குடும்பங்களுக்கு அது சிறிதன்று என்பதை மறுக்கவொண்ணாது.

எனினும் இப்பணத்தினால் லீக் வாங்கியது யாது? தவறிழைத்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை. அதன் கோப்புகள் அவ்வழக்கிலே திறக்கப்படவில்லை. எவர் எதனை எப்பொழுது அறிந்தார் என்று எவரும் சத்தியம் செய்து கூற நேரவில்லை. மூளைச்சிதைவு நோயை உறுதியாக அறிவது இறந்தபின் செய்யும் பரிசோதனையினாலேயே இயலும். ஆயின் 2015 ஏப்பிரலில் அங்கீகாரம் கிடைக்குமுன் இறந்தோருக்கே அந்நோயின் பேரில் 40 இலட்சம் டொலர் வரை நட்டஈடு. அதன்பின் இறப்போருக்கு அந்நோயின் பேரில் எதுவுமில்லை. வழக்கின் மையமாய் நின்ற நோயே உடன்பாட்டின் வாயிலிலே நிறுத்தப்பட்டது. ஒரு நாட்காட்டித் தாளின் இப்புறமும் அப்புறமும் இறந்த இருவரின் மூளைகளுள் வேறுபாடு யாது?

இதனினும் வெட்கத்துக்குரியது ஒன்று பின்னர் வெளிப்பட்டது. மறதிநோய்க் கோரிக்கைகளைப் பரிசீலிக்கையில், கறுப்பின வீரரின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைந்த மட்டத்தில் இருந்தது எனக் கொள்ளும் அளவுமுறை கையாளப்பட்டது. அதன்படி, ஒரே மதிப்பெண் பெற்ற இருவருள் வெள்ளையர் நோயாளியாகவும் கறுப்பர் நலமுடையவராகவும் கணிக்கப்படலாம். வீரரிற் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நஜே டவன்போட், கெவின் ஹென்றி ஆகிய இருவர் 2020 இல் வழக்குத் தொடுத்த பின்னரே இவ்வழக்கம் அம்பலமாயிற்று. 2021 இல் அதனைக் கைவிட லீக் இசைந்தது. 2022 இல் திருத்தம் நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. பழைய உடன்பாட்டின் அநீதியைத் திருத்தியதும் புதியதொரு வழக்கே.

எதிர்காலம் எங்கே உள்ளது?

வழக்குகளின் விளைவுகளை ஆட்டத்திலேயே காணலாம். 2011 இன் கூட்டு ஒப்பந்தம் பருவகாலத்தில் மோதற் பயிற்சிகளை 14 ஆகக் குறைத்தது. 2013 முதல் கழகத்தைச் சாராத நரம்பியல் வல்லுநர் களத்தருகே நிற்கின்றனர். 2018 இல் தலையைத் தாழ்த்தி முட்டுதல் தண்டனைக்குரியதாயிற்று. 2024 இல் தொடக்க உதையின் விரைந்த மோதல்களைக் குறைக்க விதி மாற்றப்பட்டது. இவற்றால் பார்வையாளர் ஓடிவிடவில்லை. இறுதியாட்டத்தைப் பார்ப்போர் தொகை 12 கோடியைத் தாண்டியது.

ஆயினும் இலாப வேட்கை உறங்குவதில்லை. பாதுகாப்பைப் பற்றி ஓயாது பேசிய லீக்கே 2021 இல் ஒரு பருவத்துக்கு 16 ஆக இருந்த ஆட்டங்களை 17 ஆக உயர்த்திற்று. வீரர் சங்கத்தின் வாக்கெடுப்பும் சிறு பெரும்பான்மையால் இதற்கு இசைந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் பசித்தவனின் இசைவு பந்தி வைத்தவனின் பொறுப்பைக் குறைப்பதில்லை.

லீக்கின் மெய்யான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. 2017 இல் பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் தமக்கு வழங்கப்பட்ட 111 முன்னாள் வீரரின் மூளைகளுள் 110 இல் இந்நோயைக் கண்டனர். நோயை ஐயுற்ற குடும்பங்களே பெரும்பாலும் மூளைகளை வழங்கின. ஆகவே எல்லா வீரருக்கும் இவ்விகிதம் பொருந்தாது. இவ்வெச்சரிக்கையை ஆய்வாளரே கூறியுள்ளனர். ஆயினும் ஒரு தாய் விகிதங்களைக் கணிப்பதில்லை, தன் மகனை நினைக்கின்றாள். உயர்தரப் பாடசாலைகளில் இவ்வாட்டம் ஆடுவோர் தொகை 2000களின் இறுதியில் 11 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பத்தாண்டுகளில் அது பத்து இலட்சத்தளவுக்கு இறங்கிற்று. பின்னர் ஓரளவு மீண்டதாயினும், ஐயம் மீளவில்லை. காப்புறுதி நிறுவனங்களும் தலைக்காயப் பொறுப்பை ஏற்கத் தயங்குகின்றன. தாயரின் ஐயத்தையும் காப்புறுதியாளரின் அச்சத்தையும் தோற்றுவித்தவை வழக்குகளல்ல. வழக்குகள் வெளிக்கொணர்ந்த மறைப்பே. உண்மை முழுதும் மன்றேறித் தீர்ப்பெழுதப்பட்டிருந்தால், இன்னும் எவ்வளவு மறைக்கப்பட்டுள்ளது என்னும் கேள்வி எஞ்சியிராது. அமைதியை விலைக்கு வாங்கிய லீக், நம்பிக்கையை வாங்க மறந்தது.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய சிக்கலுமன்று. இங்கிலாந்தின் முன்னணி உதைபந்தாட்ட வீரர் ஜெவ் அஸ்ரில் 2002 இல் இறந்தபோது, மரண விசாரணை அதிகாரி அதனைத் தொழில்சார் நோயினால் நேர்ந்த மரணம் எனப் பதிவுசெய்தார். பந்தைத் தலையால் முட்டியமையே காரணம் எனப்பட்டது. 2020 இல் றக்பி வீரர்களும் தம் ஆளுகைச் சபைகளுக்கு எதிராகச் சட்ட நடவடிக்கையில் இறங்கினர். நம் நாட்டுப் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் றக்பி ஆடப்படுகின்றது. ஆதலின் வேற்று நாட்டுச் செய்தி என இதனை ஒதுக்கிவிட நமக்கும் உரிமையில்லை.

எனவே, வேண்டப்படுவன சில. வீரரின் தலைக்காயம் பற்றிய மருத்துவத் தரவுகள் கழகங்களின் பிடியிலிருந்து நீங்கிச் சுதந்திர ஆய்வாளர் கைக்கு வரவேண்டும். களத்தைவிட்டு நீங்கும் வீரனுக்கு ஆயுட்கால மருத்துவப் பராமரிப்பு உரிமையாக வழங்கப்படவேண்டும், சலுகையாகவன்று. இறந்த திகதியைக் கொண்டு நோயைப் பாகுபடுத்தும் எல்லைக்கோடு அழிக்கப்படவேண்டும். இவையனைத்துக்கும் மேலாக, வீரன் நீதிமன்றம் ஏறும் வழி எந்த ஒப்பந்த வாசகத்தாலும் அடைக்கப்படலாகாது.

இவற்றால் லீக் அழியும் என்போர், 1957 இலும் 1976 இலும் 1992 இலும் நிகழ்ந்தவற்றை ஒருமுறை நோக்குவாராக. வீரன் வென்ற ஒவ்வொரு வழக்கின் பின்னரும் லீக் முன்னிலும் வளமுற்றது. வீரன் தோற்கடிக்கப்பட்ட இடமெல்லாம் அதன் மேல் ஒரு கறை படிந்தது. தன் தொழிலாளியின் மூளையைச் செலவிட்டே வாழவேண்டிய கைத்தொழில் ஒன்று உண்டாயின், அது வழக்கினால் அழிவதன்று. வாழும் தகுதியை முன்னரே இழந்துவிட்டது. அவ்வாறன்றி வாழ இயலும் என லீக் கருதுமாயின், அதனை மெய்ப்பிக்கத் தக்க இடம் தொலைக்காட்சித் திரையன்று, நீதிமன்றமே.